ஒன்பதாம் நம்பர் நைட்டி

அந்தத் தெருவில் லாண்டரி என்றால் அது அக்கா தங்கை லாண்டரிதான். பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் ஊரே கூப்பிட்டது. சின்னவளுக்கு இப்போது அறுபத்திரண்டு முடிந்துவிட்டது, தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது, ஆனாலும் சின்னவள்தான். பெரியவள் ஏழு வயது மூப்பு. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவியவர்களுக்குப் பெரியவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"ஊரார் துணியைத் துவைக்கவே நேரம் பத்தல. இதுல ஒருத்தனுக்குச் சும்மா வேற துவைச்சுப் போடணுமா?"

கேட்டவர் ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

முன்பக்கம் கவுண்டர். பின்பக்கம் மூன்று மெஷின், இரண்டு டிரையர், ஆவி இஸ்திரி. மாடியில் ஒரே அறை, இரண்டு கட்டில். நாற்பது வருடம் இந்த மூன்று இடங்களுக்குள்ளேயே இருவரும் சண்டை போட்டுக்கொண்டும் சமாதானமாகியும் காலத்தை ஓட்டினார்கள். கடையில் ஒரு மடிப்பு உண்டு. பெரியவள் கண்டுபிடித்தது. கைகளை உள்ளே தள்ளி, மூன்றாக மடித்து, கழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. தட்டவில்லை என்றால் மடிப்பு முடியவில்லை என்று அர்த்தம். சின்னவள் அவசரத்தில் மடித்தால் பெரியவள் அதை எடுத்து உதறிவிட்டு, "என்னடி இது, மாடு மென்னு துப்பின மாதிரி?" என்பாள். அறுபது வயதிலும் அந்த 'டி' போட்டுத்தான் பேச்சு. சின்னவளுக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலுக்காக ஒரு நாள் ஏங்கப்போகிறோம் என்று அவள் கண்டாளா என்ன!

மறதி நாலு வருடம் முன்னால் ஆரம்பித்தது. முதலில் வாடிக்கையாளர் முகம், பிறகு கிழமை, பிறகு சாப்பிட்டது சாப்பிடாதது. ஒரு நாள் மத்தியானம் பெரியவள் சலவை முடிந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய், எதிரே வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "இந்தாங்க, நேத்தே ரெடி" என்று ஒரு சிரிப்பு வேறு. பள்ளிக்கூட வாத்தியாரின் கால்சட்டை ஒரு பஸ் டிரைவருடன் ஏழு ஊர் போய்விட்டுத் திரும்பி வந்தது. தெருவே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள், வேறென்ன செய்வாள்?

சிரிக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. ஒரு காலை பெரியவள் கவுண்டருக்கு எதிரே நின்று சின்னவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க துணி போட வந்தீங்களா? ரசீது வச்சிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அதோடு 'டி' போயிற்று. அடுத்த மாதம் ஆவி இஸ்திரியில் சூடு ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தவள், எடுக்க மறந்துவிட்டாள். கடையில் வேலை பார்த்த இஸ்திரிக்காரர் பாய்ந்து இழுத்திருக்காவிட்டால் கையே இருந்திருக்காது.

கட்டுப் போட்ட டாக்டர் பூசி மெழுகவில்லை. "இனிமே கடையையும் இவங்களையும் நீங்க ஒருத்தரா பார்க்க முடியாதும்மா. நல்ல முதியோர் இல்லமா பார்த்துச் சேர்த்துடுங்க."

நல்ல இல்லம்! அந்த ஊரில் மொத்தம் மூன்றே இல்லங்கள். மூன்றின் அழுக்குத் துணியும் வாரம் இரண்டு நடை இவள் கடைக்குத்தான் வந்தது. வெள்ளை மூட்டை ஒன்று, பச்சை மூட்டை ஒன்று, நீல மூட்டை ஒன்று. வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்த தம்பி போனில் வெள்ளை மூட்டைக்காரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான்.

"சின்னக்கா, படம் அனுப்பிருக்கேன் பாரு. தரையில முகம் பார்க்கலாம் போல இருக்கு. ரூமுக்கு ரூம் பூச்செடி!"

"தரை கெடக்கட்டும்டா. நாப்பது கட்டில் இருக்கு, வாரத்துக்குப் பதினஞ்சு விரிப்புதான் துவைக்க வருது. மீதி இருபத்தஞ்சு பேரும் அந்தரத்துலயா படுத்திருக்காங்க?"

அவளுக்கு அந்த விரிப்புகள் அத்துப்படி. நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், அதற்குள் இன்னொன்று. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்த துணியில் மட்டும்தான் அப்படி விழும். ஒரு வட்டம் என்றால் ஒரு ராத்திரி. நாலு வட்டம் எண்ணிய விரிப்பும் உண்டு. மூட்டைக்கு மேலே மட்டும் நல்ல வாசனைத் தண்ணீர் தெளித்து அனுப்புவார்கள்.

இது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா? வருஷக்கணக்காகத் தெரியும். யாரிடமாவது வாய் திறந்தாளா? இல்லை. வாடிக்கை போய்விடுமே என்று கறையைப் போக்கி, கஞ்சி போட்டு, விறைப்பாக மடித்து அனுப்பினாள். சொந்த அக்கா என்று வரும்போதுதான் கறைக்குள் ஒரு ஆள் படுத்திருந்தது தெரிகிறது. இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பச்சை மூட்டைக்காரர்களின் விரிப்பில் குறை சொல்ல முடியாது. ஆகவே நேரில் போய்ப் பார்த்தாள். அமைதியான கட்டடம், வரிசையாக நாற்காலி, யாரும் சத்தம் போடவில்லை. 'பரவாயில்லையே' என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவளுக்குச் சுருக்கென்றது. ஜன்னலில் திரையே இல்லை. பிளாஸ்டிக் பட்டைதான் தொங்கியது. பச்சை மூட்டையில் வாராவாரம் இருபது முப்பது துணிப்பட்டை வரும், நான்கு விரல் அகலம், நல்ல கெட்டி நெசவு. திரையை இழுத்துக் கட்டுகிற நாடா என்று நினைத்து நாலு வருடமாக இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். முடிச்சுச் சுருக்கம் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"திரை இல்லாத வீட்டுக்கு நாடா எதுக்கு?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கண்ணே பார்த்துவிட்டது. அருகிலிருந்த நாற்காலியில் ஒரு பெரியவர், இடுப்பைச் சுற்றி அவள் இஸ்திரி போட்ட பட்டை. பின்னால் முடிச்சு. குனிந்து அவர் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்த வாரமே பச்சை மூட்டையை வாசலோடு திருப்பி அனுப்பினாள். வெள்ளை மூட்டையையும்தான். காலம் போன பிறகு வந்த ரோஷம்.

மிச்சமிருந்தது நீலம். அட, நீல மூட்டையா! அதைப் போல் நாறுகிற மூட்டையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. முப்பது கட்டிலுக்கு எண்பது விரிப்பு வரும். உடுப்பெல்லாம் புல் கறை, குழம்புக் கறை, சேறு. பாக்கெட்டில் கைவிட்டால் பிஸ்கட், கூழாங்கல், காய்ந்த இலை, கரண்டி. ஒரு தடவை ஒரு முழுப் பல்செட் மெஷினுக்குள் சுற்றிச் சுற்றி ஓடி ரப்பரைக் கடித்துவிட்டது. அந்த இல்லத்து மேட்ரனும் சின்னவளும் போனில் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. இப்போது அதே மேட்ரன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

மேட்ரன் பருத்த உருவம், கணீரென்ற குரல். பார்த்ததுமே, "வாங்க. பல்செட் சண்டை இன்னும் பாக்கி இருக்கா?" என்றாள்.

"சண்டைக்கு வரல. எங்கக்காவைச் சேர்க்கணும்."

மேட்ரன் சிரிப்பை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஊர்ல தரையெல்லாம் பளபளன்னு ஒரு இடம் இருக்கே. அங்க போகலையா? இங்க சுவத்துல சுண்ணாம்பு உதிருது."

"சுவத்தை யாரு பார்த்தா? உங்க மூட்டையைப் பார்த்தேன். நனைஞ்ச அன்னிக்கே மாத்துறீங்க. வெளிய கூட்டிட்டுப் போறீங்க. கையில எடுத்துத் திங்க விடுறீங்க. யாரையும் கட்டிப் போடல."

எட்டு வருடமாக இவள் வாயில் வசவைத் தவிர வேறெதையும் கேட்டறியாத மேட்ரன் மேஜை டிராயரைத் திறந்தாள். படிவத்தை எடுத்து நீட்டினாள். "பதினேழாம் ரூம். முதல் ரெண்டு வாரம் வராதீங்க, அவங்க பழகணும். துணி எல்லாத்துலயும் ரூம் நம்பர் எழுதிக் கொண்டாங்க. உங்களுக்குச் சொல்லணுமா? ஊருக்கே எழுதுறவங்க."

உண்மைதான். அழியாத மைப் பேனாவால் கழுத்தோரத்தில் நம்பர் போட்டுப் போட்டு அவள் விரலே கறுத்திருந்தது. மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அக்காவின் துணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு நைட்டி, நாலு பாவாடை, முழங்கையில் அவளே ஒட்டுப் போட்ட காப்பி நிற ஸ்வெட்டர். பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"எழுதலையாம்மா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"எங்கக்கா என்ன மூட்டையா, நம்பர் போட? அவ துணி எங்கிட்டதானே வரப்போகுது. கண்ணைக் கட்டி விட்டாலும் நான் எடுத்துடுவேன்."

முப்பது பேருக்கு வாராவாரம் சரிபார்க்கிற நம்பரைச் சொந்த அக்காவுக்கு மட்டும் போடாமல் பெட்டியைப் பூட்டினாள். எப்பேர்ப்பட்ட தொழில்காரியும் வீட்டு விஷயத்தில் சறுக்குவாள் போலிருக்கிறது.

இல்லத்து வாசலில் ஒரு ஆயா வந்து பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ரொம்ப நன்றிங்க. வியாழக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்."

நாற்பது வருடம் கவுண்டரில் நின்று எல்லோருக்கும் சொன்ன அதே வார்த்தை. சின்னவள் "சரிங்க" என்றாள்.

அந்த இரண்டு வாரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் வைக்கக் கூடாது. மாடியில் இரண்டு கட்டில், ஒரு ஆள். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பாள். விரிப்பு மடிக்க எதிர்முனையில் ஆள் வேண்டும். இஸ்திரிக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு, கூப்பிட முடியாது. விரிப்பின் ஒரு முனையைக் கதவுப் பிடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்து நடந்து மடித்தாள். கதவு இவளைப் பார்த்து ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவிடமே, "இறுக்கிப் பிடி" என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நீல மூட்டை வருகிற நாள்தான் அவளுக்கு உயிர். வந்ததும் அவளே தரையில் கொட்டித் தேடினாள். முதல் மூட்டையிலேயே காப்பி நிற ஸ்வெட்டர் கிடைத்துவிட்டது! மார்பு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் பூனை முடி. பாக்கெட்டில் பிஸ்கட் தூள். அக்காவின் பாவாடையும் வந்திருந்தது, முழங்காலில் புல் பச்சை. அவள் தலைகால் புரியாமல் தம்பிக்குப் போன் போட்டாள்.

"பெரியக்கா பூனையை மடியில வச்சுக் கொஞ்சுறாடா!"

"பெரியக்காவா? பூனையைக் கண்டா மேஜை மேல ஏறி நிப்பாளே!"

"பயத்தையும் சேர்த்து மறந்துட்டா போல. தோட்டத்துல மண்டி போட்டு ஏதோ நடுறா. நல்லா சாப்பிடுறா. ஒட்டிக்கிட்டாடா, ஒட்டிக்கிட்டா."

அதே மூட்டையில் இன்னொன்றும் இருந்தது. கசங்கிச் சுருண்ட துணிகளுக்கு நடுவே ஒரு நைட்டி மட்டும் மடித்து வைத்திருந்தது. கழுத்தோரம் ஒன்பது. "அழுக்கு நைட்டியை மடிச்சு அனுப்புது பாருங்க ஒரு ஜென்மம்" என்று இஸ்திரிக்காரரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, உதறி மெஷினில் போட்டாள். அடுத்த மூட்டையிலும் வந்தது. அதற்கடுத்ததிலும். நாலாவது தடவை சிரிக்கக்கூட இல்லை, அவள் கை ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்பதை ஒரு உதறு, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை, இல்லத்துத் தோட்டத்தில் நுழையும்போதே காப்பி நிற ஸ்வெட்டர் கண்ணில் பட்டுவிட்டது. பெஞ்சில், இவளுக்கு முதுகு காட்டி. மடியில் பூனையின் வால் ஆடியது. ஓடாத குறையாகப் போய்த் தோளைத் தொட்டாள். "அக்கா!"

திரும்பிய முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

அந்த அம்மாவுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்கடி போயிட்ட இவ்ளோ நேரம்? உக்காரு, உக்காரு."

எத்தனை மாதமாயிற்று அந்த 'டி'யைக் கேட்டு! அது வந்த வாய் அக்காவுடையது இல்லை என்று தெரிந்தும் சின்னவள் பெஞ்சைச் சுற்றி முன்னால் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடையில வேலை இருந்துச்சுக்கா" என்றாள். அந்த அம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பாதி பிஸ்கட்டை நீட்டினாள். சின்னவள் அதை வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகுதான் உறைத்தது. ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது. அப்படியானால் அக்கா?

மேட்ரன் வராந்தாவிலேயே வழிமறித்தாள். "ஏங்க, நம்பர் போடாம அனுப்பிட்டீங்களே! நீங்க எழுதியிருப்பீங்கன்னு நம்பி ஆயாக்கள் பார்க்கவே இல்ல. நம்பர் இல்லாத துணி எல்லாம் பொது அலமாரிக்குப் போயிடும், யாருக்குப் பத்துதோ அவங்களுக்கு. எது உங்கக்காவோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சின்னவள் அவளைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

பதினேழாம் அறையில் பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் வெளிறிய ரோஜா நிற நைட்டி. கழுத்தோரம் ஒன்பது.

"ஒன்பதாம் நம்பரம்மா போய்ச் சேர்ந்து ரெண்டு மாசமாச்சு. அவங்க நைட்டி இவங்களுக்குச் சரியா இருந்துச்சு" என்றாள் ஆயா. "வெளிய வர மாட்டேங்கிறாங்கம்மா. பூனைன்னா நடுங்குறாங்க. மத்தபடி தொல்லையே இல்ல. ஒண்ணு மட்டும் பிடிவாதம், அவுத்த நைட்டியை நம்ம கையில தர மாட்டாங்க. அவங்களே மடிச்சு அவங்களேதான் மூட்டையில வைப்பாங்க."

மேஜையில் ஒரு துண்டு மூன்றாக மடித்து வைத்திருந்தது. பெரியவள் அதன் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

நாலு தடவை. கைகளை உள்ளே தள்ளி, மூன்றாக மடித்து, கழுத்து மேலே தெரிய, அக்கா நாலு தடவை அனுப்பியிருக்கிறாள். கண்ணைக் கட்டி விட்டாலும் எடுத்துவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள் நாலு தடவையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உதறிப் போட்டிருக்கிறாள். எவளோ ஒருத்தியின் பூனை முடியைப் பொறுக்கி வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறாள். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பழக்க தோஷத்தில் கட்டில் விரிப்பில் கை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது, சுத்தமாக இருந்தது. இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அக்கா நனைந்து கிடக்கவில்லை, யாரும் கட்டிப் போடவில்லை. தனியாக இருந்தாள், அவ்வளவுதான். அதற்கு எந்த இல்லத்திலும் மாற்று விரிப்பு கிடையாது.

ஆயா கொண்டுவந்து வைத்த புது விரிப்பைப் பெரியவள் எடுத்து உதறினாள். இரண்டு மூலையைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தாள். இழுத்தார்கள். மூலையோடு மூலை சேர்த்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். கை கையைத் தொட்டதும் பெரியவள் முனையை வாங்கிக்கொண்டாள். மறுபடி விலகி, மறுபடி நடந்தார்கள்.

"நல்லா மடிக்கிறீங்களே" என்றாள் பெரியவள். "யாரு சொல்லிக் கொடுத்தா?"

"எங்கக்கா."

"கெட்டிக்காரி." பெரியவள் விரிப்பை மடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. எதுலயும் அவசரம். மடிச்சா மாடு மென்ன மாதிரி இருக்கும். கடையில தனியா விட்டுட்டு வந்திருக்கேன், என்ன பண்றாளோ. நீங்க அந்தப் பக்கம் போனா கொஞ்சம் எட்டிப் பார்ப்பீங்களா?"

"பார்க்கிறேங்க" என்றாள் சின்னவள்.

அன்று அவள் கைப்பையிலிருந்த மைப் பேனாவை எடுத்து, பொது அலமாரியிலிருந்து அக்காவின் துணிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் பதினேழு என்று எழுதினாள். முதல் ஏழு கோணலாக விழுந்தது. ஸ்வெட்டரில் மட்டும் இருபத்தொன்று என்று எழுதினாள், அது அந்தப் பூனைக்கார அம்மாவின் அறை. கழற்றச் சொல்ல மனசு வரவில்லை. இனி ஞாயிறுதோறும் வருவதாக மேட்ரனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை நீல மூட்டை வந்தது. அவள் கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். நடுவில் இருந்தது அக்காவின் நைட்டி, பதினேழு, கழுத்து மேலே தெரிய. அதை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள், தட்டவில்லை, வெறுமனே வைத்திருந்தாள். முதல் மெஷின் நின்றது. இரண்டாவதும் நின்றது.

அழுக்குத் துணிதானே, மடித்தபடியே வைத்திருக்க முடியாது. எழுந்தாள், ஒரு உதறு உதறி மெஷினுக்குள் போட்டாள்.